வக்கீல் கோட்டைவிட்ட வழக்கு: தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்வது எப்படி?

மஞ்சள் பை நிறையக் காகிதத்தோடு வந்து உட்காரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே பேச்சோடுதான் தொடங்குகின்றன: "வக்கீல் எங்களைக் கைவிட்டுட்டாருங்க." பணத்தை வாங்கிக்கொண்டார், போனை எடுக்கவில்லை, தீர்ப்பு நாளன்றுகூட ஜூனியரைத்தான் அனுப்பினார் என்று ஆதங்கமெல்லாம் கொட்டும். கேட்டுக்கொள்வேன். பிறகு, பையிலிருந்து சாட்சிகளின் வாக்குமூலங்களை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொல்வேன்.

ஒருமுறை அப்படி எடுத்தபோது, சம்பவத்தை நேரில் பார்த்ததாகச் சொன்ன ஒரே சாட்சியின் வாக்குமூலம் மேலே வந்தது. அரசுத் தரப்பு கேட்ட முதல் விசாரணை இரண்டரைப் பக்கம். அதற்குக் கீழே, கோர்ட் மொழியில் 'எதிரி' எனப்படும் குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பைப் பற்றி ஒற்றை வரி: "எதிரி தரப்பில் குறுக்கு விசாரணை இல்லை." கூட வந்திருந்த அம்மா அரைமணி நேரம் அழுது சொன்ன எல்லாவற்றையும்விட அந்த வரிக்கு உயர் நீதிமன்றத்தில் எடை அதிகம். அப்படிப்பட்ட வரிகளை எங்கே தேடுவது, கிடைத்ததை வைத்து நீதிமன்றத்திடம் என்ன கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கோர்ட் வளாகத்தில் பழைய எண்தான் இன்னும் வாயில் வருகிறது. அதனால் இரண்டையும் தருகிறேன்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது

அமெரிக்காவில் 'வக்கீலின் திறனற்ற உதவி' என்பதே தண்டனையை உடைக்கத் தனிக் காரணம். 1984-ல் ஸ்டிரிக்லண்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதற்கு இரண்டு கேள்விகளை வகுத்தது. வக்கீலின் வேலை நியாயமான தரத்துக்குக் கீழே போனதா? அந்தத் தவறு நடக்காமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு உண்டா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால்தான் வெற்றி.

நம் சட்டப் புத்தகத்தில் அந்தப் பெயரில் ஒரு காரணம் கிடையாது. இங்கே வழி வேறு. விரும்பிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 22(1)-ல் இருக்கிறது. வசதி இல்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் என்பது 39அ-விலும், நடைமுறைச் சட்டத்தில் பி.என்.எஸ்.எஸ். 341-லும் (பழைய 304) இருக்கிறது. இவற்றையெல்லாம் 21-வது உறுப்பின் 'நியாயமான நடைமுறை'யோடு கட்டித்தான் வாதம் நிற்கும். ஆகவே "எங்கள் வக்கீல் மோசம்" என்று நாம் சொன்னால், "அதனால் விசாரணை எந்த இடத்தில் நியாயம் தவறியது?" என்று நீதிபதி கேட்பார். அதற்குப் பக்க எண்ணோடு பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. வக்கீலே இல்லாமல் விசாரணை நடந்திருந்தாலோ, சட்ட உதவி வக்கீல் பெயருக்கு வந்துபோயிருந்தாலோ நீதிமன்றம் காது கொடுக்கும். நீங்களே தேடிப் பிடித்துப் பணம் கொடுத்து வைத்த வக்கீல் என்றால் கதவு பாதிதான் திறக்கும். 2015-ல் டெல்லி ஷிவ்குமார் யாதவ் வழக்கில் இந்தக் கேள்வி எழுந்தது. முந்தைய வக்கீல் சரியாகக் குறுக்கு விசாரணை செய்யவில்லை என்று சொல்லிப் புதிய வக்கீல் சாட்சிகளைத் திரும்ப அழைக்கக் கேட்டார். டெல்லி உயர் நீதிமன்றம் சம்மதித்தது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வக்கீலை மாற்றியதாலேயே சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்ற முடியாது என்பதுதான் அதன் சாரம். அரசுத் தரப்பு வக்கீல் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுந்து நிற்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: நாட்களை எண்ணுங்கள்

மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டனை கொடுத்திருந்தால் மேல்முறையீடு மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்கு. கெடு 30 நாள். அமர்வு நீதிமன்றம் கொடுத்த தண்டனை என்றால் உயர் நீதிமன்றத்துக்கு. கெடு 60 நாள். மரண தண்டனைக்கு மட்டும் 30 நாள். உயர் நீதிமன்றம் என்றால் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் தொடங்கிக் கன்னியாகுமரி வரையுள்ள தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. வடக்கேயும் மேற்கேயும் உள்ளவர்களுக்குச் சென்னை.

சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 404 (பழைய 363) சொல்கிறது. அதை வாங்கிக்கொண்டாலும் அதே நாளில் சான்றிட்ட நகலுக்கும் மனுப் போட்டுவிடுங்கள். அந்த நகல் தயாராக எடுத்துக்கொள்ளும் நாட்கள் கெடுவில் சேராது. 1978-ல் ஹோஸ்காட் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது பல ஆண்டு தாமதமாக. தீர்ப்பு நகல் கைதியின் கைக்கே வரவில்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த வழக்கில்தான், நகலும் மேல்முறையீட்டுக்கு இலவச வக்கீலும் கைதியின் உரிமை என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார்.

கெடு தாண்டிவிட்டதா? காலவரையறைச் சட்டம் 5-வது பிரிவில் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி மனு போடலாம். சிறையில் இருப்பவர் விஷயத்தில் நீதிமன்றங்கள் பொதுவாகக் கதவைச் சாத்துவதில்லை. "பழைய வக்கீல் அப்பீல் போட்டுவிட்டதாகச் சொல்லி ஏமாற்றினார்" என்பது காரணமென்றால் வெறும் வார்த்தையாக எழுதாதீர்கள். அவருக்குப் பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப்பில் 'நம்பர் ஆயிடுச்சா சார்?' என்று நீங்கள் கேட்ட தேதிகள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து அஃபிடவிட்டோடு இணையுங்கள்.

வக்கீல் வைக்கப் பணமே இல்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளரிடமே மேல்முறையீட்டு மனுவைக் கொடுக்கலாம். அவர் அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 424, பழைய 383). காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவிலோ கேளுங்கள். 15100 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

இரண்டாம் படி: தண்டனையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்

அப்பீல் இறுதி விசாரணைக்கு வர வருடங்கள் ஆகலாம். அதுவரை ஆள் உள்ளேயே இருந்தால் ஜெயித்தும் பாதிப் பயன்தான். அதனால் அப்பீலோடு சேர்த்தே தண்டனை நிறுத்திவைப்பு மனுவையும் போட வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 430, பழைய 389). விசாரணையின்போது ஜாமீனில் இருந்தவருக்கு மூன்றாண்டுக்குள் தண்டனை என்றால், அப்பீல் போடும் வரைக்கும் தண்டனை கொடுத்த கோர்ட்டே நிறுத்தி வைக்கலாம். தீர்ப்பு வாசித்த அன்றே, அதே கூடத்திலேயே மனு கொடுக்க வேண்டும். அன்று வக்கீல் வரவில்லை என்பதற்காக ஒரு நாள் உள்ளே போய்வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குறிப்பிட்ட ஆண்டுத் தண்டனை என்றால் நிறுத்திவைப்பைத் தாராளமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று 1999-ல் பகவான் ராமா ஷிண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் தண்டனைக்கு அந்தத் தாராளம் கிடையாது. விசாரணைப் பதிவேட்டைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணில் படும் குறை வேண்டும் என்பது 2023-ல் ஓம்பிரகாஷ் சாஹ்னி வழக்கின் நிலைப்பாடு. 'குறுக்கு விசாரணை இல்லை' என்ற வரி இந்தக் கட்டத்திலேயே உதவும். சாட்சியத்தை அலசாமலே பார்த்தவுடன் தெரியும் குறை அது.

மூன்றாம் படி: பழைய கட்டைக் கைப்பற்றுங்கள்

புது வக்கீல் வந்ததும் முதல் சண்டை கேஸ் கட்டுக்காகத்தான். "பீஸ் பாக்கி இருக்கு, கட்டு தரமாட்டேன்" என்று பழையவர் சொன்னால், அப்படி நிறுத்திவைக்க அவருக்கு உரிமை இல்லை. 2000-ல் ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளட்டும். பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள், பணிவாக. சண்டை போட்டு எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள். பின்னால் அவரிடமிருந்தே ஒரு கையெழுத்தோ விளக்கமோ தேவைப்படலாம்.

அவர் தராவிட்டாலும் குடி முழுகிப் போகாது. அப்பீல் பதிவாகி நம்பர் ஆனதும் கீழ்க்கோர்ட் ஆவணங்கள் மேலே வரும். இதற்கிடையில் உங்களுக்கென்று சான்றிட்ட நகல் எடுக்க வேண்டியவை: எல்லா சாட்சிகளின் வாக்குமூலம், அ.சா.ஆ. என்று குறியிடப்பட்ட அரசுத் தரப்பு ஆவணங்கள், குற்றச்சாட்டு வனைந்த (கோர்ட் முறைப்படி பதிவு செய்த) உத்தரவு, எதிரியிடம் கேட்ட கேள்வி பதில் (பி.என்.எஸ்.எஸ். 351, எல்லோரும் இன்னும் '313 கேள்வி' என்றே சொல்வது), இடையில் போட்ட மனுக்களும் உத்தரவுகளும், அப்புறம் ஒவ்வொரு வாய்தாவின் நடவடிக்கைக் குறிப்பு.

கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எந்த நாளில் வக்கீல் வந்தார், எந்த நாளில் வரவில்லை, எந்த நாளில் 'குறுக்கு விசாரணைக்கு அவகாசம் கோரப்பட்டது, நிராகரிக்கப்பட்டது' என்றெல்லாம் இருப்பது அதில்தான். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் வாய்தா தேதிகளும் சில உத்தரவுகளும் வரும். அதைத் துப்பாக வைத்துக்கொண்டு, தேவையான தேதிகளைக் குறிப்பிட்டு நகல் கேளுங்கள்.

நான்காம் படி: பதிவேட்டில் குறையைத் தேடுவது

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு நீளத் தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் சாட்சியின் எண்ணும் விசாரித்த தேதியும். இரண்டாவதில் அன்று எதிரிக்காக ஆஜரானது யார், குறுக்கு விசாரணை எத்தனை பக்கம். மூன்றாவதில் அந்தச் சாட்சியைத் தீர்ப்பு எந்தப் பத்தியில் நம்பியிருக்கிறது. மூன்றும் ஒரே வரியில் வரும்போது கதை தானாகவே கண்ணுக்குத் தெரியும். குறுக்கு விசாரணை பூஜ்யம், தீர்ப்பில் பத்துப் பத்தி: அதுதான் உங்கள் முதல் காரணம்.

என்னவெல்லாம் தேட வேண்டும்? முதலாவது, வக்கீலே இல்லாத நாட்கள். 1997-ல் டெல்லியில் நடந்த பேருந்துக் குண்டுவெடிப்பு வழக்கில் முகமது உசேன் என்பவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. விசாரித்த 65 சாட்சிகளில் 56 பேரின் சாட்சியம் அவருக்கு வக்கீல் இல்லாமலே பதிவாகியிருந்தது. உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை உடைத்து மறுவிசாரணைக்கு அனுப்பியது; 2013-ல் விசாரணை நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 'எனக்கு வக்கீல் வேண்டும்' என்று எதிரி கேட்காமல் இருந்திருந்தாலும் இந்த வாதம் போய்விடாது. இலவச வக்கீல் உரிமை உண்டு என்பதை நீதிமன்றம்தான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று 1986-ல் சுக் தாஸ் வழக்கிலேயே தீர்ப்பு இருக்கிறது.

இரண்டாவது, காலையில் நியமனம், மதியம் விசாரணை. மத்தியப் பிரதேசத்தின் அனோக்கிலால் வழக்கில் சட்ட உதவி வக்கீல் நியமிக்கப்பட்ட அதே நாளில், 2013 பிப்ரவரி 19-ல், குற்றச்சாட்டும் வனையப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் விசாரணையே முடிந்து மரண தண்டனை. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, புதிதாக விசாரிக்கச் சொன்னது. ஆயுளோ மரணமோ விதிக்கக்கூடிய வழக்குகளில் நியமிக்கப்படும் வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும், வழக்கைப் படிக்கக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும், எதிரியைச் சந்தித்துப் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்று நெறிகளையும் வகுத்தது. உங்கள் வழக்கில் சட்ட உதவி வக்கீல் என்றால் நியமன உத்தரவின் தேதியையும் முதல் சாட்சியின் தேதியையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, இருந்தும் இல்லாத குறுக்கு விசாரணை. இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பக்கக் கணக்கில் குறுக்கு விசாரணை நீளமாகத்தான் இருக்கும். ஆனால் வாசித்தால் எல்லாம் இப்படிப் போகும்: "நான் சம்பவ இடத்தில் இல்லை என்றால் சரியல்ல. போலீசார் சொல்லிக்கொடுத்தபடி சாட்சியம் சொல்கிறேன் என்றால் சரியல்ல. நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." வெறும் 'சரியல்ல' வரிசை. இரவு பத்து மணிக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தது, சாட்சி நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம், புகார் ஏன் மறுநாள் போனது என்று ஒரு கேள்விகூட இருக்காது. சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜரிலும் வரையும் மாதிரி வரைபடத்திலும் இதற்கெல்லாம் சரக்கு இருந்திருக்கும். தெருவிளக்கே அந்த வரைபடத்தில் இருக்காது. வக்கீல் அவற்றைப் புரட்டவே இல்லை என்று இங்கே காட்டலாம்.

நான்காவது, பாதியில் விட்ட முரண்பாடு. வக்கீல்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். போலீசிடம் ஒன்று சொன்ன சாட்சி கோர்ட்டில் வேறு சொல்கிறார். வக்கீல் அதைச் சாட்சியிடம் கேட்டார், சாட்சி மறுத்தார். அதோடு வேலை முடிந்துவிடாது. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த புலனாய்வு அதிகாரி கூண்டில் ஏறும்போது, "அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) கோர்ட்டில் சொன்னபடி என்னிடம் கூறவில்லை" என்று அவர் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். அப்போதுதான் முரண்பாடு நிரூபணமாகும். இந்த இரண்டாம் பாதியைக் கோட்டைவிட்டால், முரண்பாடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேல்முறையீட்டு மன்றம் அதை எடுத்துக்கொள்ளத் தயங்கும். அதிகாரியின் குறுக்கு விசாரணையை வரிவரியாகப் படியுங்கள்.

ஐந்தாவது, ஒரே வக்கீல் எல்லா எதிரிகளுக்கும். முதல் எதிரியின் தற்காப்பு 'நான் அங்கே இல்லை', இரண்டாம் எதிரியின் தற்காப்பு 'அவர்தான் செய்தார்'. இருவருக்கும் ஒருவரே ஆஜரானால் யாரையாவது பலி கொடுத்தாக வேண்டும். குடும்பத்தில் அண்ணன் தம்பிகளைச் சேர்த்துப் போட்ட வழக்குகளில் இது நிறைய. செலவு மிச்சம் என்று நினைத்துச் செய்தது கடைசியில் சின்னவர் தலையில் விடியும்.

இவை தவிர, பிரேதப் பரிசோதனை அறிக்கை போன்ற முக்கிய ஆவணத்தை ஆட்சேபமில்லை என்று ஒப்புக்கொண்டது (பி.என்.எஸ்.எஸ். 330, பழைய 294), மரண தண்டனை வழக்கில் தண்டனை பற்றிய கேள்வியில் ஒரு காகிதம்கூடத் தாக்கல் செய்யாதது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எதெல்லாம் எடுபடாது என்பதும் தெரிய வேண்டும். எதிரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை, ஒரு குறிப்பிட்ட கேள்வியைக் கேட்கவில்லை, எதிரி தரப்புச் சாட்சியே விசாரிக்கவில்லை என்பவை பெரும்பாலும் வக்கீலின் உத்தி என்றே கருதப்படும். அரசுத் தரப்பைக் கைவிட்டு மாற்றிச் சொன்ன பிறழ்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டது புத்திசாலித்தனமாகவே இருக்கலாம். நம் கோபத்துக்கு எல்லாமே துரோகமாகத் தெரியும். ஆனால் கட்டைப் படித்ததும், 'இந்த மனுஷன் செய்தது சரிதான்' என்று ஒப்புக்கொள்ள நேர்ந்த வழக்குகளும் எனக்கு உண்டு.

ஐந்தாம் படி: காரணங்களை எழுதுவது

மேல்முறையீட்டு மனுவில் ஒரு மோசமான வரி இப்படி இருக்கும்: "விசாரணை நீதிமன்றத்தில் ஆஜரான வழக்கறிஞர் திறமையற்றவர் என்பதால் தீர்ப்பை ரத்து செய்ய வேண்டும்." இதைப் படிக்கும் நீதிபதி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

வேலை செய்யும் வரி இப்படி இருக்கும்: "அ.சா.1 முதல் அ.சா.4 வரையிலானோர் ஒரே நாளில் விசாரிக்கப்பட்டனர். அன்று எதிரிக்கு வழக்கறிஞர் இல்லை என்பது அன்றைய நடவடிக்கைக் குறிப்பிலேயே உள்ளது. இலவச சட்ட உதவி பெறும் உரிமை அவருக்கு எடுத்துரைக்கப்படவில்லை. சோதிக்கப்படாத அந்தச் சாட்சியத்தையே தீர்ப்பின் 18-ஆம் பத்தி குற்றத்துக்கு முதன்மை ஆதாரமாகக் கொண்டுள்ளது." வக்கீலின் பெயரும் இல்லை, வசவும் இல்லை. தேதி, ஆவணம், சட்டக் கடமை, விளைந்த பாதிப்பு என்ற நான்கும் இருக்கின்றன. சட்ட உதவி இல்லாமலே விசாரணை ஓடுவதைக் கண்டால் நீதிமன்றத்துக்குச் சுட்டிக்காட்டும் கடமை அரசு வழக்கறிஞருக்கும் உண்டு என்று 2024 டிசம்பரில் அசோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

வக்கீல் பிழையை மட்டும் நம்பி அப்பீலைக் கட்டாதீர்கள். முதல் காரணம் எப்போதும் 'இருக்கும் சாட்சியத்தை வைத்துப் பார்த்தாலே குற்றம் நிரூபணமாகவில்லை' என்பதாக இருக்கட்டும். புகார் தாமதம், அடையாள அணிவகுப்பு இல்லாதது, 313 கேள்வியில் முக்கியமான சாட்சியம் கேட்கப்படாதது என்று வழக்கமான ஓட்டைகளையெல்லாம் முன்னால் வையுங்கள். வக்கீல் பிழை அவற்றுக்கு விளக்கமாகப் பின்னால் வரட்டும்.

ஆறாம் படி: பதிவேட்டில் இல்லாததைக் கொண்டுவருவது

சம்பவ நாளன்று உங்கள் மகன் திருப்பூரில் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்தான். டிஸ்சார்ஜ் சீட்டை வக்கீலிடம் கொடுத்தீர்கள். அவர் கட்டில் வைத்து அப்படியே மறந்துவிட்டார். இது பதிவேட்டில் எங்கும் இல்லை. அப்பீலில் வாயால் சொன்னால் ஏறாது. இதற்குத்தான் கூடுதல் சாட்சியம் கோரும் மனு: பி.என்.எஸ்.எஸ். 432 (பழைய 391).

அந்த மனுவில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். ஆவணம் உண்மையானதா? விசாரணையின்போது ஏன் வரவில்லை? வந்திருந்தால் முடிவைத் தொட்டிருக்குமா? இரண்டாவது கேள்விதான் கழுத்தைப் பிடிக்கும். டிஸ்சார்ஜ் சீட்டை வாட்ஸ்அப்பில் வக்கீலுக்கு அனுப்பிய தேதி இருந்தால் அது போதுமான பதில். பழைய வக்கீல் 'ஆமாம், தவறிவிட்டது' என்று அஃபிடவிட் கொடுக்க முன்வந்தால் இன்னும் நல்லது. சீட்டோடு நின்றுவிடாமல், ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும் மருத்துவரையும் வரவழைக்கச் சொல்லிக் கேளுங்கள். புலனாய்வு அதிகாரியிடம் நிரூபிக்காமல் விட்ட முரண்பாட்டுக்கும் இதே பிரிவில் அவரைத் திரும்ப அழைக்கக் கேட்கலாம். விட்ட இடத்தை அடைக்கப் பார்க்கிறார்கள் என்று அரசுத் தரப்பு கண்டிப்பாகச் சொல்லும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களுக்கு

"ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடுங்க, ஒரே நாளில் முடிஞ்சுடும்" என்ற யோசனையால் மாட்டிக்கொள்கிறவர்கள் ஒரு தனிக் கூட்டம். பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ போலீஸ் விசாரணை வரும்போதுதான் அது தண்டனை என்று உறைக்கும். ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் எதிர்த்து மட்டும்தான் அப்பீல் போகலாம் (பி.என்.எஸ்.எஸ். 416, பழைய 375). ஒப்புதலே சட்டப்படி பதிவு செய்யப்படவில்லை, எதிரிக்குக் குற்றச்சாட்டு விளக்கப்படவில்லை என்றால் சீராய்வு மனுதான் வழி. அதற்குக் கெடு 90 நாள்.

ஏழாம் படி: விசாரணை நாளும் அதற்குப் பிறகும்

அப்பீலிலும் வக்கீல் வராமல் போனால்? 1996-ல் பானி சிங் வழக்கு இதற்குப் பதில் சொல்கிறது. வக்கீல் வரவில்லை என்ற காரணத்தாலேயே குற்றவியல் அப்பீலைத் தள்ளுபடி செய்ய முடியாது. ஆவணங்களைப் பார்த்துத் தகுதி அடிப்படையில் தீர்க்க வேண்டும். ஆனால் யாரும் பேசாமல் தீர்க்கப்படும் அப்பீல் எப்படி முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயுள், மரண தண்டனை அப்பீல்களை இரு நீதிபதிகள் அமர்வு கேட்கும். பட்டியலில் வழக்கு வருகிறதா என்று குடும்பத்தில் ஒருவர் பொறுப்பெடுத்து இணையத்தில் பாருங்கள்.

பழைய வக்கீல் மீது பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொடுக்கலாம், தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் வழக்கறிஞர்கள் சட்டம் 35-வது பிரிவில் விசாரிக்கும். அதனால் தண்டனையில் ஒரு நாள்கூடக் குறையாது. நுகர்வோர் கோர்ட்டுக்கு வழியே இல்லை. வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. அப்பீல் முடியும் வரை புகாரை ஒத்திப்போடுங்கள் என்பதே என் யோசனை. இரண்டு இடத்திலும் ஒரே கதையை இரண்டு விதமாக எழுதிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

வெற்றி என்றால் என்ன கிடைக்கும் என்பதையும் இப்போதே பேசிக்கொள்ள வேண்டும். விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்ற வாதம் ஜெயித்தால் பெரும்பாலும் கிடைப்பது மறுவிசாரணை. விடுதலைக்கு, குற்றம் நிரூபணமாகவில்லை என்ற வாதம் ஜெயிக்க வேண்டும். மறுவிசாரணையும் அபூர்வமாகத்தான் தர வேண்டும் என்று 2017-ல் அஜய்குமார் கோஷல் வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. அதனால் கோரிக்கையை அடுக்கிக் கேளுங்கள்: முதலில் விடுதலை, இல்லையேல் குறிப்பிட்ட சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் கட்டத்திலிருந்து மட்டும் மீண்டும் விசாரணை, அதுவும் இல்லையேல் முழு மறுவிசாரணை. ஏற்கெனவே பல ஆண்டு உள்ளே கழிந்திருந்தால், இனித் திருப்பி அனுப்புவதே அநியாயம் என்று வாதாடுங்கள். அசோக் வழக்கு கடைசியில் விடுதலையில் முடிந்தது அந்த வழியில்தான். உயர் நீதிமன்றத்தில் தோற்றால் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுவுக்குப் பொதுவாக 90 நாள்.

மறுவிசாரணை உத்தரவு வந்துவிட்டால் அன்றே உயர் நீதிமன்றத்தில் இரண்டு விஷயங்களை உத்தரவிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்: எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு, அதுவரை ஜாமீன். தண்டனை ரத்தானதும் அவர் மறுபடி விசாரணைக் கைதிதான். ஜாமீன் வரி இல்லாத உத்தரவோடு சிறை வாசலுக்குப் போனால் கதவு திறக்காது.